வாத்தியார் பதில்கள்: கறந்த பாலும் பெங்களூரா மாங்காயும்

கேள்வி: ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கிறதே, ஏமாற்று வேலையா?
- வாசகர், அரூர்

ஏமாற்று இல்லை. தண்ணீர்தான் லிட்டருக்கு ஒரு கிலோ. எண்ணெய் அதைவிட லேசு. ரசத்தின் மேல் தாளிப்பு மிதப்பதும் அதனால்தான். கிலோ விலை கொடுத்து லிட்டர் பாக்கெட்டைத் தூக்கிவந்தால்தான் 90 கிராம் நஷ்டம்.

கேள்வி: கறந்த சூட்டோடு பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோகிறேன். லாக்டோமீட்டரில் 27தான் வருகிறது. ‘தண்ணி ஊத்தியிருக்கீங்க’ என்கிறார்கள். ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, சார்.
- வாசகி, பாலக்கோடு

ஊர்ப் பெயரிலேயே பாலை வைத்திருக்கிறீர்கள், நம்புகிறேன் அம்மா. என் தாயாரும் ஒருநாள் இதே பேச்சை வாங்கிக்கொண்டு, தூக்குவாளியை இறக்கிக்கூட வைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்குப் பதில் தெரியாது.

லாக்டோமீட்டர் என்பது பாலில் மிதக்கவிட்டு அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாய். அதற்குத் தண்ணீரைத் தெரியாது, அடர்த்தியைத்தான் தெரியும். 28 என்றால் அந்தப் பால் லிட்டருக்கு 1,028 கிராம். நல்ல பசும்பால் 28 முதல் 32 வரை நிற்கும். தண்ணீர் ஊற்றினால் இறங்கும், சரி. சூடாக இருந்தாலும் இறங்குமே! மடியை விட்டு வந்த பால் மாட்டின் உடம்புச் சூட்டோடு விரிந்து லேசாக இருக்கிறது. போதாததற்கு உள்ளே நுரைக்காற்று வேறு. கொழுப்பும் இன்னும் இறுகவில்லை.

எத்தனை டிகிரி வெப்பத்துக்கான கருவி என்று அதிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் டிகிரிக்குச் சுமார் 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும். 27 டிகிரிக்கான கருவியை 35 டிகிரிப் பாலில் விட்டிருந்தால், கூட்ட வேண்டியது 1.6. உங்கள் 27 இப்போது 28.6. நாளைக்கு ஒரு தெர்மாமீட்டரையும் எடுத்துப் போங்கள். முடிந்தால், வாளியைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நுரை அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

இதில் ஒரு திருட்டு வழியும் உண்டு. பால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதால், ஏடு எடுத்த பாலின் அடர்த்தி ஏறிவிடும். அப்புறம் அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கிப் பழைய இடத்துக்கே வரும். எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் பல வருஷம் லாக்டோமீட்டரில் ‘30’ காட்டும் பால் ஊற்றினார். கொழுப்பையும் சோதிக்காமல் இந்தக் கண்ணாடிக் குழாயை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: பெங்களூரா காயைத் தொட்டியில் கொட்டினால் சில மூழ்குகின்றன, சில மிதக்கின்றன. எதைப் பழுக்கப் போடலாம்?
- வாசகர், காவேரிப்பட்டணம்

மூழ்கியதை. முற்ற முற்ற உள்ளே மாவுச்சத்து சேர்ந்து, காயின் அடர்த்தி தண்ணீரைத் தாண்டிவிடும். மிதப்பவை பெரும்பாலும் இளங்காய். வைக்கோலில் வைத்தாலும் தோல்தான் சுருங்கும். ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடுங்கள்.