தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைக்கு மின்ட்டா, டெபியனா?

அண்ணே, 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி, கடையைத் தம்பிதான் பார்க்கிறான், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளான மின்ட்டா டெபியனா என்று கேட்டிருந்தீர்கள். மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். டெபியன் சளைத்ததல்ல, 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. ஆனாலும் விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் சட்டென்று படியும். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

உண்மையான தலைவலி பிரிண்டர்தான். உங்கள் கேனான் எல்பிபி 2900க்கு எதைப் போட்டாலும் கேப்ட் என்ற கேனானின் பிரிண்டர் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். முதலில் பென்டிரைவிலேயே மின்ட்டை ஓட்டி, டிரைவர் ஏற்றி, ஒரு ஆதார் நகல் அடித்துப் பாருங்கள். வந்தால் விண்டோஸை அழிக்கலாம்.

அப்புறம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை மறக்காமல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலெல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டும்.