மகளின் பொறியியல் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கலாமா, இருக்கும் நகையை விற்றுக் கட்டலாமா?

உங்கள் மகளுக்குக் கலந்தாய்வில் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருப்பதாகவும், கடன் என்றாலே பயமாக இருப்பதால் நகையை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடனே வாங்குங்கள்; ஆனால் வட்டியை முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். அப்படிக் கட்டாமல் விட்டவன் என்கிற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

2011-ஆம் ஆண்டில், பல்லடத்துக்குப் பக்கத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா என்னை அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு நான்கு முறை நடந்தார். கிடைத்தது மூன்று லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டுகளில் கொடுத்தார்கள், வட்டி 12 சதவீதம். படிக்கும்போது எதுவும் கட்ட வேண்டியதில்லை, வேலைக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. படிப்புக் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணைதான் கிடையாது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய 75,000-க்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு நான்கு ஆண்டு வட்டி என்று கூட்டிப் பார்த்தால், தனிவட்டியாகவே 1,26,000 ரூபாய் வருகிறது. அது அசலோடு சேர்ந்து 4,26,000 ஆனபோது, ஏழு ஆண்டுகளுக்கு மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல் கட்ட வேண்டியதாயிற்று. அப்பா அந்தக் கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டியே இன்னொரு படிப்புச் செலவு ஆயிருச்சே சாமி" என்றார்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம், அந்த 1,26,000 ரூபாயை நாங்கள் கட்டியிருக்கவே வேண்டியதில்லை என்பதுதான். பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிக்கும் மாணவரின் தவணை விலக்குக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. எங்கள் வருமானம் அதில் பாதிகூடக் கிடையாது. ஆனால், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழ் எங்கள் கடன் கோப்பில் சேரவே இல்லை. கிளையில் கேட்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. படிப்பு முடிந்து தெரியவந்தபோது, காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே விண்ணப்பத்தோடு சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்துவிட்டார்களா என்று ஒவ்வோர் ஆண்டும் நேரில் போய்க் கேளுங்கள். கல்லூரிக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். இப்போது மானியத்துக்கு அதுவும் முக்கியம்.

மானியம் வரும் வரை வட்டியைக் கையிலிருந்து கட்டுவது பெரிய சுமையாக இருக்காது. என் கணக்கிலேயே முதல் ஆண்டில் அது மாதம் 750 ரூபாய்தான். நான்காம் ஆண்டில்தான் 3,000 ஆகிறது. உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய கணக்குக்கே வரும். தொடக்கத்தில் அதை அப்படியே வட்டிக்குத் திருப்பிவிடலாம். அவருக்கு இடம் கிடைத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் என்றால் கதையே வேறு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்பதால் கடன் பேச்சே எழாது.

குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கலந்தாய்வு வழியே வந்ததால் உங்களுக்கு உண்டு. வீட்டில் ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்கும். நான் எடுத்துக்கொண்டதால் என் தங்கைக்கு இல்லாமல் போனது.

நகையைப் பொறுத்தவரை, விற்றால் செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். கடன் அனுமதியாகும் முன்பே முதல் பருவக் கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கெடு வந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு சங்கிலியையோ இரண்டு வளையலையோ அடகு வைத்துச் சமாளியுங்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, கடன் அனுமதியாகும்போது அந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்பதால், வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவா என்று எந்தக் கிளையிலாவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கிகளுக்கு மனுச் செய்யலாம். எங்கள் காலத்தில் அது இல்லாததால்தான் அப்பா நான்கு முறை நடந்தார்.