பந்தயக் குதிரைக்கு முதலில் புல், பிறகுதான் சவாரி

வணக்கம் தம்பி. நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த குதிரையைக் கோப்பாய்க்குக் கொண்டுவந்து ஒரு கிழமை, விலா தெரிகிறது, கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறது, பிள்ளைகளை எப்போது ஏற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

மெலிவைப் பார்த்துத் தானியத்தைக் கூட்டாதீர்கள். குதிரையின் வயிற்றில் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அதைத் தணிக்கும். தானியம் கூடவும் புல் குறையவும் தின்ற பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சர்வசாதாரணம். மிருக வைத்தியரிடம் வயிற்றையும் பல்லையும் காட்டுங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் வேண்டும். தீனியை இரண்டு கிழமையில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

அப்புறம், வேலியோரம் அலரி நின்றால் இன்றைக்கே வேரோடு எடுங்கள். உதிர்ந்து காய்ந்த இலைகூட நஞ்சு, ஒரு பிடியே குதிரையைக் கொல்லும். பூசைக்குப் பூ வேண்டும் என்று வீட்டில் சொன்னாலும் விடாதீர்கள்.

பிள்ளைகள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கடிவாளத்தை இறுக்கினால் இன்னும் வேகமாக ஓடத்தான் அது பழகியிருக்கும். பயந்த பிள்ளையும் இறுக்கித்தான் பிடிக்கும். சில மாதம் மேயவிட்டு, கையில் பிடித்து நடத்தி, ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்கப் பழக்குங்கள். தனிமையும் அந்தச் சுற்றலைக் கூட்டும். வேறு குதிரை இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஆட்டையாவது விடுங்கள்.