தொப்பூரில் இறங்கும் லாரிக்கு வரைபடம் ஏன் ஏறுகிறது? திசைவேகம்–காலம்: வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பல முடுக்கத்தைப் பற்றியவை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, குழப்பம் மிகுந்தவற்றுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிக்குத் திசைவேகம்–காலம் வரைபடம் வரையச் சொன்னார்கள். லாரி கீழே இறங்குவதால் கோட்டையும் கீழ்நோக்கி வரைந்தேன். ஆசிரியர் தவறு என்கிறார். ஏன், ஐயா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர், நல்லம்பள்ளி)

ஆசிரியர் சொன்னதே சரி. வரைபடம் சாலையின் படம் அன்று. கிடை அச்சில் காலமும் செங்குத்து அச்சில் திசைவேகமும் இருப்பதால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் திசைவேகம் கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டுமே முடிவு செய்கிறது. சாலை மேடா பள்ளமா என்பதற்கு அங்கே இடமே இல்லை. முடுக்கம் என்பது அந்தக் கோட்டின் சாய்வு, அதாவது திசைவேக மாற்றத்தை அதற்கு எடுத்துக்கொண்ட காலத்தால் வகுத்துக் கிடைப்பது.

கணக்குக்காக, 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு லாரி வருவதாகக் கொள்வோம். பிரேக்கும் இல்லை, உராய்வும் இல்லை, காற்றின் தடையும் இல்லை என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.49 மீ/வி², சாலை வழியாக லாரியை இழுக்கும். 30 வினாடியில் அதன் வேகம் 24.7 மீ/வி ஆகிவிடும். மணிக்கு ஏறக்குறைய 89 கிலோமீட்டர். அதற்குள் கடந்திருக்கும் தூரம் சுமார் 520 மீட்டர்தான். இந்த ஓட்டத்துக்குரிய கோடு சீராக மேலேறும்.

அனுபவமுள்ள ஓட்டுநர் கணவாய் தொடங்கும் இடத்திலேயே கியரைக் குறைத்து, எஞ்சினின் தடையைக்கொண்டு வேகம் கூடாமல் பார்த்துக்கொள்வார். அவருடைய வரைபடம் கிடைக்கோடு, முடுக்கம் சுழி. நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சம் பிடிக்க நினைப்பவர் முழுச் சுமையையும் பிரேக்கின் மீது ஏற்றுகிறார். நெடுநேரம் அழுத்தப்பட்ட பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்போது, கிடையாக வந்த கோடு திடீரென ஏறத் தொடங்குகிறது. நீங்கள் வரைந்த இறங்கு கோடும் ஓரிடத்தில் பொருந்தும்: அதே சரிவில் பிரேக் பிடித்து லாரியின் வேகம் குறையும் நேரத்தில்.

மேலே எறிந்த மாங்காய் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது முடுக்கமும் சுழிதானே?
(மாணவி, காவேரிப்பட்டணம்)

இல்லை. வினாடிக்கு 14.7 மீட்டர் திசைவேகத்தில் மாங்காயை நேர் மேலே எறிந்து, மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு வரைந்து பாருங்கள். +14.7-இல் தொடங்கும் நேர்கோடு 1.5 வினாடியில் கால அச்சை வெட்டி, 3 வினாடியில் –14.7-ஐத் தொடும். வெட்டும் இடத்தில் கோட்டின் உயரம்தான் சுழி. சாய்வு அங்கேயும் –9.8 மீ/வி²-ஆகவே இருக்கிறது. கோடு எங்கும் வளையவோ உடையவோ இல்லை என்பதே சான்று. உச்சியில் திசைவேகத்தோடு முடுக்கமும் சுழியாகிவிட்டால், மாங்காய் அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட வேண்டியதுதான். அதைக் கீழே கொண்டுவர எதுவும் இருக்காது.

முடுக்கம் எதிர்க்குறியில் இருந்தால் வண்டி மெதுவாகிறது என்று எழுதலாமா?
(அரூர்)

திசைவேகத்தின் குறியைப் பார்க்காமல் எழுதக் கூடாது. பேருந்து நிலையத்தில் பின்னோக்கி எடுக்கப்படும் பேருந்தின் திசைவேகம் எதிர்க்குறி. அது இன்னும் வேகமாகப் பின்னே வந்தால் முடுக்கமும் எதிர்க்குறி. இரண்டின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், வேறானால் குறையும்.

கோட்டின் கீழுள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சி என்கிறார்கள். பரப்பளவு சதுர மீட்டரில் அல்லவா வர வேண்டும்?
(பாலக்கோடு)

நல்ல கேள்வி, பாடம் நடத்துகையில் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். செவ்வகத்தின் ஒரு பக்கம் மீ/வி, மறுபக்கம் வினாடி. பெருக்கினால் மீட்டர் மட்டுமே மிஞ்சும். இரு பக்கமும் நீளமாக இருந்தால்தான் சதுர மீட்டர் வரும்.

பேருந்து ஒன்று நின்ற நிலையிலிருந்து 20 வினாடியில் 15 மீ/வி வேகத்தை அடைந்து, 60 வினாடி அதே வேகத்தில் ஓடி, 10 வினாடியில் நிற்கிறது என்றால், முதல் முக்கோணம் 150, நடுச் செவ்வகம் 900, கடைசி முக்கோணம் 75. மொத்தம் 1125 மீட்டர். முடுக்கங்கள் முறையே 0.75, 0, –1.5 மீ/வி². முக்கோணத்தின் பரப்பு அதன் பாதி உயரமுள்ள செவ்வகத்துக்குச் சமம் என்பதால், சீரான முடுக்கத்தில் சராசரித் திசைவேகத்தைக் காலத்தால் பெருக்கினாலே போதும். பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே, கலிலியோவுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார்.

கோடு செங்குத்தாக இருக்கலாமா?
(ஊத்தங்கரை)

இருக்க முடியாது. காலம் சிறிதும் கழியாமல் திசைவேகம் மாறியதாக அதற்குப் பொருள், முடுக்கம் முடிவிலியாகிவிடும்.

மொரப்பூரிலிருந்து புறப்படும் ரயிலுக்குரிய வளைகோடு ஏறிக்கொண்டே போகிறது. விடையில் "முடுக்கம் குறைகிறது" என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?
(பதினொன்றாம் வகுப்பு, மொரப்பூர்)

பிழையில்லை. கோடு ஏறினாலும் போகப்போகப் படுத்துக்கொண்டே போகிறது. எஞ்சினின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பதால், அந்த எல்லையை எட்டியபின் வேகம் கூடக் கூட இழுவிசை குறைகிறது, காற்றின் தடையோ கூடுகிறது. ஆகவே வேகம் கூடினாலும், கூடும் வீதம் குறைகிறது.

40-ஆவது வினாடியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து, வளைகோட்டின் மீது அல்லாமல் தொடுகோட்டின் மீதே தொலைவான இரு புள்ளிகளை எடுங்கள். அது 20 வினாடியில் 8 மீ/வி, 60 வினாடியில் 18 மீ/வி என்ற புள்ளிகள் வழியே சென்றால், முடுக்கம் 10-ஐ 40-ஆல் வகுத்த 0.25 மீ/வி². புள்ளிகளை நெருக்கமாக எடுத்தால், அளவுகோலை வைத்துப் படிப்பதில் நேரும் சிறு பிசகும் விடையைப் பெரிதாக மாற்றிவிடும்.