அம்மா கேட்ட எதிர்நீச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் அம்மா ‘எதிர்நீச்சல்’ பார்க்கணும் என்றார்கள். டிவியில் பெயரைத் தேடிப் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலையில் இருந்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தால் திரையில் சிவகார்த்திகேயன், எதிரே அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நாகேஷ் படம். மறுபடி தேடினால் சீரியல் எபிசோடுகளாக வந்து விழுகின்றன. முதலில் வைத்தவருக்கே பெயர் சொந்தம் என்று சட்டம் இருந்தால் என்ன? சொந்தமாக ஒரு பெயர்கூட யோசிக்காதவர்கள் என்ன கதை சொல்லிவிடப் போகிறார்கள்?

ம.

அன்புள்ள ம.,

அம்மாவின் கோபம் முழுக்க நியாயம். உங்கள் கோபத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. ‘தேசி பாய்ஸ்’ என்ற பெயரில் தன் கதைச் சுருக்கத்தைப் பதிவு செய்து வைத்திருந்த ஒருவர், 2011-ல் அதே பெயரில் இந்திப் படம் வந்தபோது வழக்குப் போட்டார், 2015-ல் உச்ச நீதிமன்றம் தலைப்பு மட்டும் ஒரு படைப்பு ஆகாது என்று சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சங்கத்திலோ பிலிம் சேம்பரிலோ டைட்டில் பதிவது தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஹாலிவுட்டிலும் அப்படி ஒன்று உண்டு. 1916-ல் வந்த ஒரு மௌனக் குறும்படத்தின் பெயர் தங்களுடையது என்று ஒரு நிறுவனம் மல்லுக்கு நின்றதால், 2013-ல் ‘தி பட்லர்’ என்று வரவேண்டிய படம் முன்னால் இயக்குநர் பெயரையும் ஒட்டிக்கொண்டு ‘லீ டேனியல்ஸ் தி பட்லர்’ என்று வந்தது. நூறு வருடம் முன்பு எடுத்த ஒரு துண்டுப் படத்துக்காக! அந்த நிலைமை இங்கே வரவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் ‘எதிர்நீச்சல்’ என்ற சொல்லை பாலசந்தர் கண்டுபிடிக்கவில்லை. நம் எல்லோருடைய வாயிலும் இருந்த சொல் அது, அவர் எடுத்து ஒரு கதைக்கு வைத்தார், அவ்வளவுதான். 1968-ல் அந்தச் சொல் யாருக்குப் பொருந்தியது என்று பாருங்கள். பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடுக்கில் ஒண்டிக்கொண்டு, ஆளாளுக்கு ஏவும் வேலையைச் செய்து வயிற்றைக் கழுவி, அதற்கு நடுவே படிக்கிற அநாதைப் பையன் மாது. யார் கூப்பிட்டாலும் ஓடவேண்டும், ஓடியபடியே படிக்கவும் வேண்டும். நாகேஷின் அந்த ஒல்லி உடம்பு படிக்கட்டுக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வரும்போதே தலைப்பு புரிந்துவிடும்.

2013-ல் வந்த சிவகார்த்திகேயன் படத்தில் நாயகனுக்குப் பெயர்தான் பிரச்சினை. குஞ்சிதபாதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், போகிற இடமெல்லாம் கேலி, ஹரிஷ் என்று மாற்றிக்கொள்கிறான், அப்புறம் கதை மாரத்தான் பக்கம் திரும்புகிறது. அங்கே அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் வள்ளி, பாலினப் பரிசோதனையைக் காட்டி ஓட்டப்பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்ட பெண். என்னைக் கேட்டால் அந்தப் படத்தில் உண்மையான எதிர்நீச்சல் அவளுடையதுதான். 2022-ல் சன் டிவியில் தொடங்கிய தொடரிலோ, ஒரு வீட்டுக்கு மருமகள்களாக வந்த பெண்கள் அந்த வீட்டு ஆண்களின் அதிகாரத்துக்கு எதிராக நீந்துகிறார்கள். மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் யாரும் சொல்லை வீணடிக்கவில்லை.

நீங்கள் சொல்வதில் சரியான பாதிக்கு வருகிறேன். பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை, தங்க மகன் என்று ரஜினி படப் பெயர்கள் தனுஷுக்கு வரிசையாக வந்தன. அதில் ‘மாப்பிள்ளை’ மட்டும்தான் பழைய கதையையே திரும்ப எடுத்தது. மற்றவற்றில், ரஜினி ரசிகனின் காதில் அந்தப் பெயர் விழுந்ததும் வரும் சந்தோஷத்தை எடுத்துக்கொள்ளும் ஆசை இருந்திருக்கும், மறுக்கவில்லை. அதற்காக 2007-ன் ‘பொல்லாதவன்’ மட்டமாகிவிடுமா? ஆசையாக வாங்கிய பைக் ஒருநாள் காணாமல் போக, அதைத் தேடிப் போகிற பையன் ரவுடிகளின் உலகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் அந்தக் கதைக்கு 1980 படத்தின் தயவு எதுவும் தேவைப்படவில்லை. சொந்தமாகப் பெயர் யோசிக்காதவர் கதை சொல்ல மாட்டார் என்ற உங்கள் வாதம் இந்த ஒரு படத்திலேயே அடிபட்டுப் போகிறது.

‘கர்ணன்’ வேறு ரகம். 1964-ல் சிவாஜி நடித்தது மகாபாரதக் கர்ணன். 2021-ல் மாரி செல்வராஜ் எடுத்தது, பேருந்து நிற்காமல் போகிற ஒரு கிராமத்தின் கதை. அங்கே ஊர்ப் பெரியவர் துரியோதனன், அடிக்க வருகிற போலீஸ் அதிகாரி கண்ணபிரான். பழைய கதை நம் மனதில் இருப்பதால்தான் இந்தப் பெயர்கள் சுரீர் என்று குத்துகின்றன.

எனக்கு உண்மையில் வலிக்கிற இடம் வேறு. புதியது வந்ததும் பழையது தேடலில் அடியில் போய்விடுகிறது. 2010-ல் பனிமலையில் ஸ்கீ லிஃப்ட் நாற்காலியில் மூன்று பேர் அந்தரத்தில் மாட்டிக்கொள்ளும் ‘ஃப்ரோசன்’ என்ற சின்னப் படம் வந்தது. மூன்றே வருடத்தில் டிஸ்னி அதே பெயரில் வந்தது, இன்று அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கு அந்த மூன்று பேர் ஞாபகம் வருவார்கள்? அதனால் பழைய படத்தைப் பற்றி எழுதும்போது பெயரோடு வருடத்தையும் விடாமல் எழுதுகிறேன். பட விற்பனை உரிமை வைத்திருப்பவர்களும் வீடியோ தளங்களும் இதைச் செய்தே ஆகவேண்டும். ‘எதிர்நீச்சல் 1968’ என்று நான்கு எண்கள் இருந்திருந்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

இப்போதைக்கு நாகேஷ் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வெற்றி வேண்டுமா என்று சீர்காழி கோவிந்தராஜன் குரல் வரும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அது முடிந்து ஒரு வாரம் போனபின் சிவகார்த்திகேயன் படத்தையும் போடுங்கள், ஆனால் வள்ளியின் கதை வரும் வரைக்கும் எழுந்துபோக விடாதீர்கள். பார்த்துவிட்டு அம்மா என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.