எடை குறைப்பு ஆபரேஷன்: தேதி குறிக்கும் முன் எண்டோஸ்கோபி

கேள்வி: எனக்கு 39 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையோடு டபாக்ளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (ஹெச்.பி.ஏ.1.சி.) 8.9. என் குறட்டை தாங்காமல் மகள் ஹாலில் போய்ப் படுக்கிறாள். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. குர்லா ஸ்டேஷன் பாலத்தில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறேன். டயட்டில் குறைந்த எடையெல்லாம் திரும்ப ஏறிவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இந்த மாதமே முன்பணம் கட்டினால் பேக்கேஜைக் குறைப்பார்களாம். ‘வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுப்பதா?’ என்கிறார் மாமியார். ஊசியிலேயே குறைக்கலாம் என்கிறாள் தோழி. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: உங்கள் மாமியாரின் வார்த்தைக்காக ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள் அம்மா. எடை குறையக் குறைய, பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. கஷ்டப்பட்டுக் குறைத்த எடை திரும்ப ஏறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இது உங்கள் குணக்கேடு அல்ல. டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் தட்டில் என்ன விழுகிறது என்பதில் அவர் கையும் இருக்கும். விஷயம் புரிந்துவிட்டால், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போவதும் அவராகத்தான் இருக்கும்.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 41.7. பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு, அறுவை சிகிச்சைக்கான இரண்டு பெரிய அமைப்புகள் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 35 இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வரம்பு அதைவிடக் கீழே. ஆகவே உங்களுக்கு இது தேவைதானா என்ற சந்தேகமே வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியும், டாக்டர் பரிந்துரையோடு பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இந்தச் செலவை ஏற்க இடம் தருகிறது. ஆனால் உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இன்றைய உயரமும் எடையும் மருத்துவக் குறிப்பில் ஏறட்டும். கேஷ்லெஸ் அனுமதி எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். பல வருடமாக ஏறிய எடை, இந்த மாதம் தாண்டினால் கெட்டுப்போகும் அவசரம் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் புளித்த தண்ணீர்தான். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யாமலேயே ஸ்லீவ் என்று முடிவு செய்திருந்தால், அந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குறுகிய குழாயாக விடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதி போய்விடுவதால் பசி அடங்குகிறது, எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால், ஏற்கெனவே அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவர்களில் பலருக்கு அது மோசமாகிறது. எடை குறைந்த மகிழ்ச்சியோடு, ராத்திரி உட்கார்ந்தே தூங்க வேண்டிய நிலைக்கு வந்து, மறுபடி இரைப்பை பைபாஸுக்காக ஆபரேஷன் மேஜை ஏறியவர்கள் உண்டு. இந்த இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். அமிலம் மேலே வருவது வெகுவாகக் குறையும். சர்க்கரைக்கும் பொதுவாக இதுவே மேல். ஆறே வருடச் சர்க்கரை, இன்சுலின் இல்லை என்பதால் மாத்திரைகள் பெரிதும் குறைய, நிற்கக்கூட, நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குரிய விலையும் உண்டு. விட்டமின் குறைபாடு அதிகம் வரும், இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் புரூஃபன் வகை மாத்திரைகள் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஒரே இணைப்போடு செய்யும் மினி பைபாஸ் என்று சொன்னால், பித்தநீர் மேலேறும் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். எண்டோஸ்கோபியில் ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது), உணவுக்குழாய்ப் புண், ஹெச். பைலோரி கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டோடு ஸ்லீவும் பைபாஸும் இரண்டுமே செய்கிற ஒரு சர்ஜனைப் பாருங்கள். சயானிலோ பரேலிலோ உள்ள மாநகராட்சிக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்பதும் நல்லது.

தோழி சொன்ன ஊசியைத் தள்ளிவிட மாட்டேன். டிர்செபடைடு ஊசி முழு அளவில் 72 வாரத்தில் சராசரியாகச் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 20 சதவீதம் போலவும், உங்களைப் போல சர்க்கரை உள்ளவர்களுக்கு 15 சதவீதம் போலவும் எடையைக் குறைத்திருக்கிறது. ஆபரேஷனில் 25 முதல் 30 சதவீதம். உங்கள் கணக்கில் 26 முதல் 31 கிலோ, ஒன்று ஒன்றரை வருடத்தில். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது, மாதாமாதச் செலவும் சின்னதல்ல. முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால் அது நேர்மையான வழிதான். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

குறட்டைக்கு, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளுங்கள். மூச்சு நிற்பது கடுமையாக இருந்தால், ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பிருந்தே முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியோடு தூங்கிப் பழக வேண்டும். எக்கோ, வயிற்று ஸ்கேன், தைராய்டு, பி12, இரும்பு, விட்டமின் டி எல்லாம் வழக்கமாக எடுப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய கடைசி இரண்டு வாரத்தில்தான் கவனம் வேண்டும். ஈரல் இரைப்பையின் மேல் படிந்திருக்கும். கொழுப்பேறி வீங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்வது கடினம். அதனால் சோறும் சர்க்கரையும் குறைத்து, புரோட்டீன் பவுடர், மோர், தெளிந்த ரசம், முட்டை வெள்ளை, காய்கறி என்று இரண்டு வாரம் ஓட்டச் சொல்வார்கள். அந்த நாட்களில் உங்கள் மாத்திரைகளை அப்படியே விழுங்கக் கூடாது. கிளிமிபிரைடு சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். டபாக்ளிஃப்ளோசினை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், டயட் தொடங்கும்போதே நிறுத்துவது இன்னும் பாதுகாப்பு. இல்லாவிட்டால், சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். வாந்தி, மூச்சிரைப்பு என்று வரும்போது குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். எந்த மாத்திரை எந்த நாளில் நிற்கிறது என்று உங்கள் சர்க்கரை டாக்டரிடம் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் திரவம், இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மெதுவாக வழக்கமான சாப்பாடு. தினமும் 60 கிராம் புரதமாவது போக வேண்டும். இரண்டு இட்லியில் 4 கிராம்தான் இருக்கும், ஒரு முட்டையில் 6. ஆகவே தட்டில் முதலில் முட்டை, மீன், பன்னீர், பிறகுதான் இட்லி. விட்டமினும் கால்சியமும் ஆயுள் முழுக்க. மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். சஷ்டி, ஆடி வெள்ளி என்று பட்டினி விரதம் முதல் வருடம் வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தை ஆசை இருந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப் போடுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

வீடு திரும்பியபின் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளில் புது வலி, கால் ஒன்று மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்கவில்லை என்றாலும் போங்கள், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (விட்டமின் பி1) ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். இந்த வரிகளை உங்கள் கணவர் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.