பாயை ஏன் இறக்கினீர்கள்?

ஐயா, மார்கழியில் தொண்டியிலிருந்து சொந்தக்காரரின் பாய் வள்ளத்தில் குடும்பத்தோடு போனோம். காற்று படட்டும் என்று அத்தையை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார வைத்தோம். அரை மணி நேரத்தில் வாந்தி. ஆட்டம் குறையட்டும் என்று பாயை இறக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரால் தலையைத் தூக்கவே முடியவில்லை. அகலமான படகென்றால் ஆடாதா? என்ன மாத்திரை கொடுக்கலாம்?

ர., பரமக்குடி

அன்புள்ள தம்பி,

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பாவம், வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் கிடந்திருப்பார். மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் படகு ஏறுமுன் கரையிலேயே விழுங்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் கடலுக்குத்தான் போகும். அகலமான படகு சுலபத்தில் கவிழாது, அவ்வளவே. அலை சரியும் பக்கமெல்லாம் தானும் சரிந்து வெடுக்கென்று நிமிரும். விளிம்பில் இருப்பவருக்குக் குடல் புரளும்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே பாயை இறக்கிய சேதிக்காகத்தான். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம். எஞ்சின் படகில் பழகியவர்களுக்குப் பாய் என்றால் வேகம் மட்டும்தான். ஆட்டத்தைப் பிடித்து வைப்பதும் பாய்தான் ஐயா! காற்று பாயை ஒரே பக்கமாக அழுத்துவதால் படகு அந்தச் சாய்விலேயே நிற்கப் பார்க்கும். உருள எத்தனித்தால் அவ்வளவு பெரிய துணி காற்றைத் தள்ளிக்கொண்டுதான் உருள வேண்டும். பாதி ஆட்டம் அதிலேயே செத்துவிடும். நீங்கள் இறக்கினீர்கள். ஓட்டம் நின்றது, ஓட்டம் இல்லாத படகில் சுக்கானுக்குப் பிடி ஏது? வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு அலையும் விலாவில் அடி. காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்கிச் சிறிதாக்குங்கள், கயிற்றைக் கொஞ்சம் இளக்குங்கள். காற்று பக்கவாட்டில் வரும்படி ஓட்டுங்கள், அதுதான் சாந்தமான ஓட்டம். நேர் பின்காற்றில் ஓடினால் இரண்டு பக்கமும் மாறி மாறி உருளும். எதிர்த்து ஓடினால் அணியம் குத்தும்.

அந்தக் குத்து விழுகிற இடத்தில் ஒரு வயசான மனுஷியை உட்கார வைத்திருக்கிறீர்கள்! ஏறி இறங்கும் ஆட்டம் ஏறக்குறைய 5 நொடிக்கு ஒன்றாக வரும்போதுதான் வாந்தி அதிகம் என்று ஓ'ஹான்லன், மெக்காலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1974-இல் சோதித்துச் சொன்னார்கள். எவ்வளவு உயரம் தூக்கிப் போடுகிறது என்பதும் கணக்கு. அதில் அணியம்தான் மோசம். படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னே, தாழ்வாக, முகத்தில் காற்றுப் படும்படி, கண் அடிவானத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். பள்ளத்தில் படுக்க வைத்துப் பலகையைப் பார்க்கவிட்டால், அசையவில்லை என்று கண் சொல்லும், அசைகிறது என்று காது சொல்லும். நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும் அணியத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தால் குத்தும் குறையும்.

பாரத்துக்காகப் படகின் அடியில் வைக்கும் மணல் மூட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நடுக்கோட்டில் குவித்திருந்தால் வள்ளம் வெட்டி வெட்டி ஆடியிருக்கும். கரையோரம் நிற்கும்போதே விளிம்பை அழுத்தி விட்டு, 10 ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 20-க்குள் முடிந்தால் மூட்டைகளை அடித்தட்டிலேயே இரு விலாவுக்கும் சமமாகப் பிரித்து வைத்து மறுபடி எண்ணுங்கள். மேலே தூக்கி அடுக்காதீர்கள், ஆபத்து.

மார்கழியில் வடகடலா, அதாவது தொண்டிப் பக்கத்துப் பாக் விரிகுடாவா? பெரும்பாலான இடத்தில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். வாடை அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். வாடையில் தென்கடலான மன்னார் வளைகுடா, கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் வடகடல் என்பது அங்கே சிறுவனுக்கும் தெரியும். அத்தை இன்னொரு முறை வரச் சம்மதித்தால் ஆடியில் காலையிலேயே கிளம்புங்கள், கரையை விட்டு விலகாதீர்கள். அப்போது காற்று உங்களைக் கடலுக்குள்ளே தள்ளும். திரும்பி வரத்தான் நேரமாகும்.